நன்றிக்கடனும் அழைப்பும்: கொழும்பு ஓட்ட வீரன் ஒருவன் போதகரான நிகழ்வு

இந்தப் பதிவு பற்றி

கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ச் சபையின் வாலிபர் சங்கத்துக்கு 18 வருடம் ஆலோசகராக இருந்தேன். தொழிலால் ஆசிரியை. கீழே வரும் நிகழ்வு 2016இல் தொடங்கியது. சம்பந்தப்பட்ட இளைஞன், அவனுடைய பெற்றோர், பயிற்றுவிப்பாளர் எல்லோரும் வாசித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

அவனை ஞாயிறு பாடசாலைக்கு வந்த எட்டு வயதுப் பையனாக இருந்தே எனக்குத் தெரியும். இன்று ஊரே அவனை 'ஐயா' என்கிறது. ஆனாலும் 'அவன்' என்றே எழுதுகிறேன். அப்படி எழுதச் சொன்னதும் அவன்தான்.

போட்டிகளில் விளையாடும் பிள்ளை ஒன்று காயப்பட்டால் சபை ஓடி வந்து உதவும். எங்கள் சபையும் உதவியது, மனதார உதவியது. அந்த உதவி பிறகு பிள்ளையின் தோளில் எப்படி ஏறி உட்கார்ந்தது என்பதை நாங்கள் பார்க்கத் தாமதித்துவிட்டோம். இதே இடத்தில் நிற்கும் வேறு சபைகளுக்கும் பெற்றோருக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் உதவும் என்றே எழுதுகிறேன்.

பின்னணி

குடும்பம் கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். கொள்கலன்களுக்குச் சுங்க அனுமதி எடுத்துக் கொடுக்கும் வேலை. அம்மா வீட்டிலேயே தையல். இவன் மூத்தவன், கீழே இரண்டு தங்கைகள்.

பாடசாலையிலிருந்தே 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம்தான் அவனுடைய போட்டி. அதன் கஷ்டம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு லேசில் விளங்காது. ஒரு சுற்று முழுவதும் வேகம் குறையாமல் ஓட வேண்டும். வழியில் 10 தடைகள். ஆண்களுக்கு ஒவ்வொன்றும் 91.4 சென்ரிமீற்றர் உயரம். முதல் தடைக்கு 45 மீற்றர், பிறகு தடைக்குத் தடை 35 மீற்றர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீற்றர். அந்த 35 மீற்றரை எத்தனை எட்டில் (காலடியில்) கடப்பது என்பதை ஓடுபவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பான். இவனுக்கு முதல் ஐந்து தடைகள் வரை 15 எட்டு, களைக்கத் தொடங்கிய பிறகு 17. எட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு தடையிலும் அதே கால்தான் முன்னே போகும். இவனுக்கு அது இடது கால். ஆராதனையில் பாட்டு நேரத்தில்கூட அவன் விரல் வாங்கின் ஓரத்தில் தட்டி எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மூன்று பேர் மூன்று கதை சொல்லி அவனை வளர்த்தார்கள். பயிற்றுவிப்பாளர் சிங்களவர், பௌத்தர், தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் சொன்னது டங்கன் வைட்டின் கதை: 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இதே 400 மீற்றர் சட்டவேலியை 51.8 செக்கனில் ஓடி, இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கமாக வெள்ளியைக் கொண்டு வந்தவர். அப்பா சொன்னது நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் கதை: 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்து, படிப்பிலும் பெரிய இடத்துக்குப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சபைப் பெரியவர்கள் சொன்னது எரிக் லிடெலின் கதை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்து, 400 மீற்றரில் 47.6 செக்கனில் தங்கம் வென்று, அடுத்த வருடமே சீனாவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போனவர்.

2015இல் கொழும்பிலேயே பல்கலைக்கழகம் கிடைத்தது. 54 செக்கனுக்குள் ஓடத் தொடங்கியிருந்தான். தங்கள் அணிக்கு ஓடக்கூடிய பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் கொழும்பில் உண்டு. அப்பாவின் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது: பட்டம், ஓட்டம், வேலை, பிறகு தங்கைகள்.

2016 ஓகஸ்ட்: காயம்

வாலிபர் சங்கத்தின் ஒன்றுகூடல் நாள். பிற்பகலில் உதைபந்தாட்டம். போட்டிக் காலத்தில் உதைபந்து ஆடவே கூடாது என்று பயிற்றுவிப்பாளர் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கும் அது தெரியும். ஓர் அணியில் ஒருவர் வரவில்லை. "ஒரு ஆள் குறையுது தம்பி, பத்து நிமிஷம் மட்டும் நில்" என்றேன். என்னைப் பார்த்தான். டீச்சருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான்.

ஐந்தாறு நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்தை எடுத்துத் திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. இடது பாதம் புல்லில் ஊன்றியபடி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. 'டொக்' என்ற சத்தம் கோல் கம்பத்தருகே நின்ற எனக்குக் கேட்டது. அவன் கத்தவில்லை. உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் ஏ.சி.எல். முற்றாக அறுந்திருந்தது. முழங்காலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இரண்டு தசைநார்களில் முன்னால் இருப்பது அது. ஓடி நின்று திரும்பும் நேரத்தில் மூட்டு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வேலை அதற்கு. மோதல் இல்லாமலே, இப்படி ஊன்றித் திரும்பும்போது அறுவதுதான் அதிகம். அறுந்தது முழுமையாக என்றால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. பின்தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்து அதன் இடத்தில் பொருத்த வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரில் உடனே செய்யலாம், நாலரை லட்சம் ரூபாவுக்கு மேல் வரும். குற்ற உணர்ச்சியில் இருந்த நான்தான் பணம் சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழுவில் முதலில் எழும்பிக் கதைத்தேன். மூன்று ஞாயிறுகளில் பணம் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆராதனை அறிவித்தலில் வாசித்தோம். எப்போதும் அப்படித்தான் வாசிப்போம். அதில் பிழை இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்வாங்கில் இருந்த அவனுடைய அப்பா ஒவ்வொரு பெயரையும் சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டார். 63 பெயர்கள். அதை நான் ஒன்றரை வருடம் கழித்துத்தான் கண்டேன்.

சாட்சி மேடை

நவம்பரில் சத்திரசிகிச்சை. டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, ஊன்றுகோலோடு மேடையேறிச் சாட்சி சொன்னான்; ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சபை முன்னால் சொல்வதுதான் சாட்சி. ஏற்பாடு செய்தது நாங்கள். பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லட்டும் என்பது எங்கள் எண்ணம். கீழே விழுந்ததையும், படுக்கையில் பயந்ததையும், சபை தாங்கியதையும் சொன்னான். உண்மையான, எளிய சாட்சி. பலர் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் அவன் தலையில் கைவைத்து, "ஓட்டத்தை எடுத்து ஊழியத்தைத் தந்திருக்கிறார் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு வேறு சபைகளிலிருந்து அழைப்பு வந்தது. வத்தளை, வெள்ளவத்தை, தெகிவளை. இரண்டு மாதத்தில் ஏழு மேடைகள். நான்கில் நானும் இருந்தேன். முதல் சாட்சியில் எந்தக் குரலும் இல்லை. மூன்றாவதில் "ஏதோ ஒரு சத்தம் உள்ளே கேட்டது போல" என்று வந்தது. ஆறாவதில், புல்லில் விழுந்த அந்த நிமிடமே ஆண்டவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்றான். நான் அந்தப் புல்லில் நின்றவள். அவன் முகத்தை நான் பார்த்தேன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2017 பெப்ரவரியில் போதகரிடம் போய், பல்கலைக்கழகத்தை நிறுத்திவிட்டு முழுநேர ஊழியத்துக்கு விண்ணப்பிக்கப்போவதாகச் சொன்னான்.

கவனித்தவை

போதகர் அவசரப்படாத மனிதர். அவர் என்னையும் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு வைத்தியரையும் கூப்பிட்டு, "பிள்ளை சொல்லுறது ஆண்டவருடைய அழைப்பாக இருக்கலாம். ஆனால் நாங்கள் எல்லாப் பக்கமும் கேட்டோமா?" என்றார். கேட்கவில்லை. அதனால் அடுத்த மூன்று வாரம் கேட்பதற்கு மட்டும் ஒதுக்கினோம்.

மூத்த தங்கை சொன்னாள், அண்ணா இரவில் போர்வைக்குள் போனை வைத்துப் பழைய ஓட்ட வீடியோக்களைப் பார்த்து அழுகிறான் என்று. அம்மா சொன்னார், பிசியோதெரபி வகுப்புக்கு நான்கு வாரமாக அவன் போகவில்லை. "கர்த்தர் காலை எடுத்துட்டார், இனி எதுக்கு" என்று கேட்கிறான். வைத்தியர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். புதிதாக வைத்த நார் முதல் மாதங்களில் பலவீனமாகத்தான் இருக்கும். அது உறுதியாக மாற மாதக்கணக்கு எடுக்கும். தொடைத் தசையை இந்த நேரத்தில் கட்டியெழுப்பாவிட்டால் ஓட்டம் இருக்கட்டும், படியேறுவதே கஷ்டமாகும்.

பயிற்றுவிப்பாளரை நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஆறு மாதமாக நாங்கள் யாரும் அவரோடு கதைக்கவில்லை. மைதானத்து ஓரத்தில் தடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன்; தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "டீச்சர், இவன் எல்லாத்தையும் எண்ணுற பிள்ளை. இப்ப என்ன எண்ணுறான் என்று கேட்டுப் பாருங்க."

அதைத்தான் அவனிடம் கேட்டேன். எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்தான். தேத்தண்ணி ஆறிப் போகும் வரை பதில் இல்லை. அப்புறம் மெல்லச் சொன்னான்: "63 பேர் டீச்சர். ஆலயத்துக்குள்ள வந்தா ஒவ்வொரு வாங்கையும் பார்ப்பேன். இவர் பத்தாயிரம், இவங்க ஐயாயிரம், அந்த அம்மம்மா ஐந்நூறு. இவங்களுக்கு நான் எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? ஓடவும் ஏலாது." சாட்சி பற்றியும் கேட்டேன். "அவங்க என்ன கேட்க வந்திருக்காங்க என்று முகத்திலேயே தெரியும். அதைச் சொன்னேன்" என்று சொல்லி அழுதான்.

அவனுக்குள் இரண்டு பொருட்கள் கலந்து கிடந்தன. ஒன்று நன்றிக்கடன். மற்றதற்கு இன்னும் பெயர் வைக்க முடியவில்லை. 15 வயதில், காயத்துக்கு வெகு முன்பே, பக்கத்து வீட்டுத் தாத்தா சாகும் வரை தினமும் பாடசாலை விட்டு வந்து அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டிய பிள்ளை இவன். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆகவே எல்லாமே கடன் என்றும் தள்ள முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

2017 மார்ச்சில் போதகர், வைத்தியர், பயிற்றுவிப்பாளர், அப்பா, நான், அவன் ஆகிய ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். பயிற்றுவிப்பாளர் ஆலய அறைக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதலாவது, ஒரு வருடத்துக்குச் சாட்சி மேடை கிடையாது. ஏற்கெனவே ஒத்துக்கொண்ட இரண்டு சபைகளுக்குப் போதகரே கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். காரணம் எளிது: சொல்லச் சொல்லக் கதை கேட்பவருக்கு ஏற்றபடி இறுகிவிடும். பிறகு சொன்னவனாலேயே அதிலிருந்து வெளியே வர முடியாது.

இரண்டாவது, விண்ணப்பத்தை ஒத்திவைப்பது. எவ்வளவு காலத்துக்கு என்பதில்தான் வாக்குவாதம். பட்டம் முடியட்டும் என்றார் அப்பா. பயிற்றுவிப்பாளர் வேறொன்று சொன்னார்: "இவன் திரும்ப ஒரு போட்டி ஓடணும். ஜெயிக்க வேணாம், முடிச்சால் போதும். ஓட முடியாததால போறவனும் ஓட முடிஞ்சும் போறவனும் ஒண்ணு இல்ல." போதகர் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார். எனக்கு முதலில் தயக்கம். ஊழியத்துக்குப் போகிறவனை ஏன் மறுபடி தடை தாண்ட வைக்க வேண்டும், மறுபடி விழுந்தால் யார் பொறுப்பு என்று நினைத்தேன். வைத்தியர் நிபந்தனை போட்டார்: குறைந்தது ஒன்பது மாதத்துக்கு முன் வேக ஓட்டம் இல்லை, ஒற்றைக்கால் பாய்ச்சலில் இடது கால் வலது காலின் பலத்தில் 90 சதவீதத்தை எட்ட வேண்டும்.

மூன்றாவது, சபை கொடுத்த பணம் அன்பளிப்பு, அதற்குப் பதிலாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்று நிர்வாகக் குழு எழுத்தில் கொடுத்தது. அதோடு கடன் விஷயம் தீர்ந்தது என்று நம்பினோம். அந்த நம்பிக்கை பிழை என்பது பிறகு தெரிந்தது.

அன்று லிடெலின் கதையைப் போதகர் மறுபடி எடுத்தார். நாங்கள் அதைப் பாதியாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை லிடெலுக்குப் பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்களில்தான் அவர் 400 மீற்றருக்குத் தயாரானார். பாரிஸ் முடிந்து எடின்பரோவில் பட்டத்தை முடித்தார். சீனாவுக்குப் போனது 1925இல், அதுவும் ஆசிரியராக. போதகராகக் குருத்துவ அபிஷேகம் பெற்றது 1932இல். "தங்கத்துக்கும் அபிஷேகத்துக்கும் நடுவில எட்டு வருஷம் தம்பி" என்றார். அவன் அதைக் கேட்டு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

2017–2018: திரும்பவும் பாதைக்கு

பிசியோதெரபியை ஒழுங்காகத் தொடங்கினான். மாலையில் சைக்கிள், பிறகு படிகள், பிறகு மெல்லோட்டம். பதினோராவது மாதத்தில் முதல் தாழ்ந்த தடை. அங்கேதான் சிக்கியது. தடையைத் தாண்டி முதலில் தரையைத் தொடுவது முன்னே போகும் கால். அந்த இடது காலை அவனால் நம்ப முடியவில்லை. பயிற்றுவிப்பாளர் அவனை வலது காலை முன்னே போடப் பழக்கினார். பதினைந்து எட்டு ஓட்டம் போய், 17ஆகி, முழு எண்ணிக்கையும் மாறியது. பத்து வருடமாக உடம்பில் ஊறிய தாளத்தை அழித்து எழுதும் வேலை. மைதானத்தில் சில மாலைகள் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். தடை முன்னால் வந்து நிற்பான், திரும்பி நடப்பான், மறுபடி வருவான்.

2018 மார்ச், சுகததாச விளையாட்டரங்கு. எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தான். நேரம் 58 செக்கனைத் தாண்டியிருந்தது, பழைய நேரத்தைவிட நான்கு செக்கன் பின்னால். ஒன்பதாவது தடையைக் காலால் இடித்து விழுத்தினான், ஆனாலும் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி முழங்காலில் கைவைத்து நின்றவனிடம் அப்பாதான் முதலில் போனார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த சீ.ஆர். கொப்பியைக் காட்டினார். 63 பெயர்களில் நான்கின் பக்கத்தில் சிறிய சரி அடையாளம். தன் சம்பளத்திலிருந்து, ஒரு வீட்டுக்கும் சொல்லாமல், கடித உறையில் வைத்துத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். எங்கள் நிர்வாகக் குழுக் கடிதம் அதே கொப்பிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வேலையும் 2019 ஏப்ரலும்

பட்டம் முடிந்து ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அவர்களுடைய அணிக்கு அஞ்சலோட்டம் ஓடினான். சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு மூத்த தங்கையின் படிப்புக்கு. மூன்றாவது பங்கை எங்கள் சபையின் மருத்துவ உதவி நிதிக்கு மாதாமாதம் போட்டான். நான் எதிர்த்தேன். "அன்பளிப்பைத் திருப்பிக் கொடுப்பது கொடுத்தவரை அவமதிப்பது" என்றேன். "அவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கல டீச்சர், அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கிறன். இதை முடிக்காம எனக்கு ஒண்டும் சரியாக் கேட்காது" என்றான். போதகர் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவன் செய்தது சரி என்று இப்போது நினைக்கிறேன். கடிதம் கொடுத்துக் கடனை நாங்கள் தள்ளுபடி செய்யலாம். ஆனால் தோளில் இருக்கும் பாரத்தை அதைச் சுமப்பவன்தான் இறக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது நாங்கள் ஆராதனையில் இருந்தோம். அன்று நாட்டில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் அவனுடைய ஒழுங்கையில் இருந்த ஒரு தாய்.

அடுத்த நாட்களில் அவனை நான் பார்த்தது அந்த வீட்டில். கதிரை தூக்கினான். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வந்தான். அந்தத் தாயின் பத்து வயது மகன் ஒரு வார்த்தை கதைக்காமல் படியில் இருந்தான். அவன் பக்கத்தில் இவனும் கதைக்காமல் இருந்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். வந்த ஒருவர், "தம்பி நீங்க நல்லாச் சாட்சி சொல்லுவீங்களே, ஒரு ஜெபம் பண்ணி நாலு வார்த்தை சொல்லுங்கோ" என்றார். எழும்பினான். "வார்த்தை ஒண்டும் இல்லை அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஏழு மேடைகளில் கேட்டதைவிட அந்த ஒரு வரியை நான் நம்பினேன். போதகரிடம் போய்ச் சொன்னேன். அவரும் வேறொரு நாள் அதே வீட்டில் அவனைக் கண்டிருந்தார்.

விண்ணப்பமும் படிப்பும்

செப்டெம்பரில், உதவி நிதிக்கான கடைசித் தவணையைப் போட்ட மாதம், அவன் மறுபடி விண்ணப்பித்தான். இந்தத் தடவை எழுதிய சாட்சி ஒரு பக்கம்கூட இல்லை. காயம் பற்றி இரண்டு வரி. குரல் கேட்டதாக எதுவும் இல்லை. நேர்முகத்தில் முன்பு சொன்ன சாட்சிகளைப் பற்றிக் கேட்டபோது, அவற்றில் எது உண்மை, எதைத் தான் கூட்டிச் சொன்னான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னானாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பிறகு போதகரிடம் சொன்னது இது.

அப்பா ஏழு மாதம் அவனோடு கதைக்கவில்லை. வேலையை விடுவது அவருக்குத் தாங்கவில்லை. அது பிடிவாதம் என்று சபையில் சிலர் கதைத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கொழும்பில் வாடகை வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. மூத்த தங்கைக்கு வேலை கிடைக்கும் வரை போகமாட்டேன் என்று அவன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தான். பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் தள்ளிப் போட்டதால், 2021இல்தான் கண்டிக்குப் போகும் வழியில் பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரியில் சேர்ந்தான். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கிய கல்லூரி. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பு.

2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி குறைந்து அப்பாவின் வேலை படுத்துவிட்டது. படிப்பை விட்டு வருகிறேன் என்று அவன் போன் எடுத்தபோது, "பாதியில நிக்கிறதுக்கா அந்த ஒன்பதாவது தடையை இடிச்சுக்கொண்டும் ஓடினாய்?" என்று அப்பா கேட்டாராம்.

பிறகு நடந்தது

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். படிப்புக்குப் பிறகு வரும், போதகருக்கான தகுதிகாண் காலத்தில் முதலாம் வருடம் அவன் விளையாட்டு வீரனாகவே ஊழியம் செய்தான். ஒரு நாளைக்கு எட்டு வீட்டுச் சந்திப்பு, கொப்பியில் நேரம் குறித்து. வலித்தாலும் ஓடி முடிக்க வேண்டும் என்று மைதானத்தில் கற்றதை மனிதர்களிடமும் கொண்டு போனான். காய்ச்சலோடு இரண்டு பிரசங்கம் செய்து மூன்றாவதில் மயங்கி விழுந்தான். டெங்கு. வைத்தியசாலையில் பத்து நாள்.

மூத்த போதகர் ஒருவர் அவனுக்குத் திங்கட்கிழமையை ஓய்வு நாளாகக் கட்டாயமாக்கினார். அவன் கேட்கவில்லை. கேட்க வைத்தது பயிற்றுவிப்பாளர். பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்து, பழைய பயிற்சி அட்டவணை ஒன்றை முன்னால் வைத்தாராம். அதில் ஏழு நாளில் ஒரு நாள் கோடு போட்டு வெறுமையாக இருந்தது. "இதை எழுதினது நான். அந்த நாள் நீ ஓடினதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். இப்போது திங்கட்கிழமைகளில் அவன் போனை எடுப்பதில்லை. முழங்கால் மழைக்காலத்தில் வீங்கும். அவனுடைய பிரசங்கம் சிறிது, சில நேரம் சுவையில்லாமல்கூட இருக்கும். ஆனால் சாவு வீடுகளில் அவனைத்தான் தேடுகிறார்கள்.

இன்று செய்தால்

போட்டிக் காலத்தில் இருக்கும் பிள்ளையை எந்த விளையாட்டுக்கும் கூப்பிடமாட்டேன். இது என்னுடைய பங்கு. எத்தனை பேர் மன்னித்தாலும் என்னுடையதாகவே இருக்கும்.

காயப்பட்ட அன்றே பயிற்றுவிப்பாளரை அழைப்பேன். ஆறு மாதம் அவரை வெளியே விட்டதால், அந்தப் பிள்ளையை எங்களைவிட நன்றாக அறிந்த ஒருவரின் கண் எங்களுக்குக் கிடைக்காமல் போனது. அவர் நம் மதத்தவரா என்பது இதில் ஒரு கேள்வியே இல்லை.

சாட்சிக்கு ஒரு வருடம் பொறுப்போம். பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறானா, இரவில் தூங்குகிறானா என்பதை ஜெபக் குறிப்புக்கு முன்னால் கேட்போம். பிள்ளையோடு தொடர்ந்து கதைக்கச் சபைக்கு வெளியே ஒருவரை வைப்போம். உள்ளே இருக்கும் நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அந்த 63 பேரில் ஒருவர்தான். என் பெயரும் அந்தக் கொப்பியில் இருந்தது.

கொடுத்தவர்களின் பெயரை வாசிப்பதை 2019லேயே நிறுத்திவிட்டோம். போன வருடம் வலைப்பந்து ஆடும் ஒரு பிள்ளைக்குத் தோள் மூட்டு விலகிச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. செலவில் பாதி உதவி நிதியிலிருந்து போனது, அவன் போட்ட பணமும் அதில் இருக்கிறது. மீதிக்கு வாசலில் மூடிய பெட்டி ஒன்று வைத்தோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பொருளாளருக்கும் தெரியாது. அவளுடைய பயிற்றுவிப்பாளர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகிறார். ஞாயிறுகளில் அவள் தோழிகளோடு பின்வாங்கில் இருக்கிறாள். மேடைக்கு வந்து ஏதாவது சொல்லும்படி இதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை.